மனவடு: மறத்தல் மருந்தாகுமா?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவில், திருவரங்கத்துக்குக் கிழக்கே அமைந்துள்ளது திருவானைக்காவல். அதன் உயர்ந்த மதில்களையும் கருவறையில் ஊறும் நீரையும் வியந்து செல்வோர் பலர். அம்மதில்கள் ஒருகாலத்தில் படை வீடாகவும் பயன்பட்டன என்பதை நினைப்போர் சிலரே. திருச்சிராப்பள்ளி முற்றுகையின் இறுதிக் கட்டமான 1752-இல் சந்தா சாகிபின் படை திருவரங்கக் கோயிலுக்குள்ளும், லா என்னும் தளபதியின் பிரெஞ்சுப் படை திருவானைக்காவிலும் தங்கின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

இவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. ஆனால் பீரங்கி முழக்கத்தைத் தம் குடிசையிலிருந்தே கேட்ட உழவரும், பிள்ளையைத் தோளிலிட்டு ஓடிய தாயும் அதன்பின் எவ்வாறு உறங்கினர் என்பதை எந்நூலில் தேடுவோம்?

அந்த உறக்கமற்ற இரவுகளை மருத்துவம் ஆராயத் தொடங்கியது வெகு காலத்துக்குப் பின்னரே. முதல் உலகப் போரின்போது, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரால் இதனை லான்செட் இதழில் எழுதினார். ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் படை அலுவலர்களுக்குச் சிகிச்சை அளித்த ரிவர்ஸ், 1917-இல் மற்றொன்றைச் சுட்டினார். கண்டதை மறந்துவிடும்படி நோயாளியை வற்புறுத்துவதே பலருக்குத் துன்பத்தை மிகுவிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. வியட்நாம் போருக்குப் பின், 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நடந்தது கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றுதல், அதை நினைவூட்டும் இடத்தையும் மனிதரையும் தவிர்த்தல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைக்குமாயின் அது நோய் எனக் கொள்ளப்படும்.

தமிழ் மண்ணில் இவ்வாராய்ச்சி போரின் நடுவிலேயே வேர்விட்டது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், குண்டுவீச்சும் இடப்பெயர்வும் மக்கள் உள்ளத்தில் விட்ட தழும்புகளை அங்கிருந்தபடியே ஆராய்ந்து, 1998-இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். 'மனவடு' என்னும் பொருள்மிக்க சொல் இத்துறையில் வழங்கலாயிற்று. அவர் சிகிச்சையில் மக்களின் சமய மரபுக்கும் இடமிருந்தது. மனத்தை அமைதிப்படுத்த, சைவர்க்கு அவர்தம் மந்திரமும், கத்தோலிக்கர்க்குச் செபமாலையும், பௌத்தர்க்கும் இசுலாமியர்க்கும் அவரவர் வழிபாட்டுச் சொற்களும் துணையாகக் கொள்ளப்பட்டன.

இத்துன்பம் கடலுக்கு அப்பால் மட்டும் உள்ளதன்று. 1983 முதல் வந்த ஏதிலியர், திருச்சியில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களிலும் வாழ்கின்றனர். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் பற்றிய தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகளைத் தீ விழுங்கியது. டிசம்பரில் கடல் பொங்கியது. ஓராண்டுக்குள் காவிரிக் கரையும் கடற்கரையும் கண்ட இழப்புகள் இவை.

இனி, சிகிச்சைக்குரிய வழிகள் யாவை? அதிர்ச்சியுற்றோரில் பெரும்பாலோர் உற்றாரின் அரவணைப்பில் நாளடைவில் தாமே தேறுகின்றனர். ஆகவே முதலில் வேண்டுவன பாதுகாப்பு, உணவு, உறக்கம், பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்தல் ஆகியவையே. நிகழ்ந்த உடனேயே அனைவரையும் ஒருமுறை அமர்த்தி நடந்ததைக் கூறச் செய்யும் முறை இந்நோயைத் தடுப்பதில்லை என ஆய்வுகள் காட்டிவிட்டன.

நோய் நிலைத்துவிட்டால், பயிற்சி பெற்றவரின் துணையோடு அந்நினைவை மெல்ல மெல்ல அணுகி, அதனோடு பிணைந்த அச்சத்தையும் குற்றவுணர்வையும் தெளிவிக்கும் பேச்சுச் சிகிச்சையே முதன்மையானது. கண்ணசைவின் துணையோடு நினைவைச் சீர்செய்யும் முறையும் உண்டு; அதனை 1987-இல் பிரான்சின் ஷப்பீரோ தொடங்கினார். 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் பரிந்துரைத்தது. செர்ட்ராலின், பராக்ஸிடின் போன்ற மருந்துகள் பேச்சுச் சிகிச்சை கிட்டாதபோதும், பயன் தராதபோதும், கடுஞ்சோர்வு உடனிருக்கும்போதும் உதவும். உறக்கத்துக்கென டையசிபாம் வகை மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்பது தகாது; அவை பழக்கமாகிவிடும் தன்மையன.

வடகிழக்கு இலங்கையில் ஆழிப்பேரலைக்குப் பின் 31 சிறுவரிடம் நடந்த ஓர் ஆய்வு நம் கருத்துக்கு உரியது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகளில் சிலருக்கு வாழ்க்கைக் கதையை வரிசையாகக் கூறும் சிகிச்சையும், மற்றோருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளித்தனர். ஆறு திங்களுக்குப் பின் முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நோய் நீங்கியிருந்தனர். எண்ணிக்கை சிறிதாதலின் எவ்வழி சிறந்ததென முடிவுகட்ட இயலாது. எனினும், பெருநகர் மருத்துவமனை இல்லாத ஊரிலும் இச்சிகிச்சை இயலும் என்பதற்கு அது சான்று.

இழவு வீட்டிலும் முகாமிலும் நாம் எளிதில் சொல்லும் சொல் 'மறந்துவிடு' என்பது. அச்சொல் அன்பிலிருந்தே பிறக்கிறது. ஆயினும் கேட்பவரின் வாயை அது அடைத்துவிடுகிறது. பேச வற்புறுத்தாமலும், பேச முற்படுபவரைத் தடுக்காமலும் அருகிருக்க நாம் பழக வேண்டும். திங்கள் பல கடந்தும் உறக்கம் வாராதவரைச் செபத்தில் நினைப்பதோடு நில்லாமல், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரை உடன் நடந்து செல்வதும் நம் கடமையன்றோ?