லேகிய டப்பாவும் சிறுநீரகமும்

போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் வாரச்சந்தையைப் போல, ஆடும் மாடும் தானியமும் தேங்காயும் ஒருங்கே விலைபோகும் சந்தைகள் நம் நாட்டில் எங்கெல்லாம் கூடினவோ, அங்கெல்லாம் தரையில் துணி விரித்து, வேர்களையும் பட்டைகளையும் லேகிய டப்பாக்களையும் பரப்பி, வாக்குச் சாதுரியத்தால் கூட்டத்தை நிறுத்திவைத்த வைத்தியர்களும் இருந்தார்கள். மூட்டுவலித் தைலத்துக்கு நாலு வார்த்தை பேரம் பேசுகிறவர்கூட, ஆண்மைக்குறைவுக்கான டப்பாவைக் கேட்ட விலைக்கு வாங்கி மடியில் செருகிக்கொண்டு நடந்தார். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த லஜ்ஜையே இவ்வியாபாரத்தின் மூலதனம்.

தாம்பத்திய சக்தியை விருத்தி செய்வதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954-லேயே பாராளுமன்றம் சட்டமியற்றித் தடுத்தது. ஆயினும் பஸ் நிலையச் சுவர்கள் அந்தச் சட்டத்தை மதித்ததாகத் தெரியவில்லை. இத்தகைய மருந்துகளில் சேரும் உலோக பஸ்பங்களுக்குச் சித்த வைத்தியம் சுத்தி முறைகளை விதித்திருக்கிறது. பெயரில்லாத டப்பாவில் அவை அனுஷ்டிக்கப்பட்டனவா என்று சொல்வார் இல்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயம், பாதரசம், பாஷாணம் (ஆர்செனிக்) ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. பாதரசம் முதலில் தாக்குவது சிறுநீரகத்தின் நுண்குழல்களை.

இங்கிலாந்தின் சாண்ட்விச் என்னும் ஊரில், ஃபைசர் கம்பெனியின் ரசாயன சாஸ்திரிகள் மார்வலிக்கென்று ஆராய்ந்த சில்டெனாஃபில், அந்நோய்க்குப் போதிய பயன் தராமல், ஆண்மைக்குறைவைப் போக்கும் வேறொரு குணத்தைக் காட்டி, 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் வயாகராவாக அனுமதி பெற்றது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தராத அந்நாளைய இந்தியச் சட்டத்தின் பயனாக, 2001-இல் நம் நாட்டுக் கம்பெனிகளும் அதைத் தயாரித்து விற்றன.

நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் ரத்தநாளங்களைக் கெடுப்பதால், ஆண்மைக்குறைவும் சிறுநீரகக் கோளாறும் பெரும்பாலும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வாழ்கின்றன. 1971-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சையில் வெற்றி கண்டபின், டயாலிசிஸும் பரவிய காலத்தில், அத்தகையோர் நீண்ட நாள் வாழலானார்கள். அவர்களுடைய இல்லற வாழ்வும் வைத்தியர் கவனிக்கவேண்டிய விஷயமாயிற்று. சில்டெனாஃபிலை முக்கியமாகக் கல்லீரலே சிதைக்கிறது என்றாலும், சிறுநீரகச் சுத்திகரிப்புத் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகையால் 50-க்குப் பதில் 25 மில்லிகிராமில் தொடங்குவதே முறை. அதே வகையைச் சேர்ந்த, உடலில் நெடுநேரம் தங்கும் டடாலஃபிலோ, அந்நிலையிலும் டயாலிசிஸிலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மார்வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்றவற்றோடு இவற்றைச் சேர்த்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரும். சிறுநீரகம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் இந்தத் தடைக்கு விலக்கில்லை.

2021 ஆகஸ்டு 5 அன்று, போச்சம்பள்ளி இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரைகளோடு, வயிற்றுவழி டயாலிசிஸுக்குரிய திரவப் பைகளும் அத்திட்டத்தில் வீடு தேடி வருகின்றன. பையைக் கொண்டுவரும் சகோதரியிடம் ஓர் ஆண்மகன் தன் தாம்பத்தியக் குறையைச் சொல்லமாட்டான். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்தான், கிரியேட்டினின் சீட்டைப் பார்க்கும் வேளையில் அவனைத் தனியே இருத்தி, வேறென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று தாமாகவே கேட்கவேண்டும்.