டோனி வில்லியம்ஸின் வெண்கலத் தட்டு

தமிழில் ஒருவரை இகழ்வதற்கு ஓர் இசைக்கருவியின் பெயரே போதுமானதாக இருக்கிறது. ‘அவர் ஜால்ரா’ என்றால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. முன்னே பாடுபவர் எங்கே போனாலும் அதே ஓசையுடன் பின்னே போவது, மறுத்து ஒரு தட்டுக்கூடத் தட்டாதது என்று பொருள். பஜனை மடங்களில் அந்தச் சிறிய வெண்கலக் கிண்ணங்கள் ஆற்றும் அரும்பணியை அறிந்தவர்களுக்கு இவ்வழக்கு வருத்தம் தரும், எனக்கும் தருகிறது. எனினும் இக்கட்டுரை ஜால்ராவைப் பற்றியதன்று. அதன் தூரத்து உறவான, ஏறத்தாழ அதே உலோகத்தால் ஆன, 22 அங்குலத் தட்டு ஒன்றைப் பற்றியது. அதை வாசித்தவர் டோனி வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின இளைஞர். நான் பேச எடுத்துக்கொண்டது பெரும்பாலும் 1963க்கும் 1969க்கும் இடைப்பட்ட காலம்.

ஜாஸ் இசையின் தொடக்க நாட்களில் காலக்கணக்கைக் காக்கும் வேலை காலுக்குரியதாக இருந்தது. பெரிய பேஸ் டிரம்மை மிதிகட்டையால் அடிதோறும் இடித்துக்கொண்டிருப்பார்கள். 1930களில் கவுண்ட் பேஸியின் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ், அந்த இடியை அடக்கி, ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தட்டுகளுக்குக் காலக்கணக்கை மாற்றினார். (இந்த ஜோ ஜோன்ஸ்தான் 1936இல் கான்சஸ் நகர இரவு விடுதியொன்றில், பாட்டு நடுவே தடுமாறிய பதின்பருவத்துச் சார்லி பார்க்கரின் காலடியில் ஒரு சிம்பலைக் கழற்றி எறிந்தவர். வெண்கலத்தால் எழுதப்பட்ட இலக்கிய விமரிசனம் என்று இதைச் சொல்வேன். அதற்கு ஆளானவர் பத்தாண்டுகளுக்குள் ஜாஸின் போக்கையே மாற்றினார்.) அவருக்குப் பின் கென்னி கிளார்க், வலக்கைப் பக்கம் தனியே தொங்கும் ரைடு சிம்பலில் காலத்தை ஓடவிட்டு, மற்றக் கையையும் கால்களையும் விடுவித்தார். விடுபட்ட கால் எதிர்பாராத இடங்களில் ‘குண்டுகள்’ போட்டது. இதற்காக டெடி ஹில் என்பவர் தம் குழுவிலிருந்து கிளார்க்கை நீக்கினார். பிறகு ஹார்லெமில் மின்டன்ஸ் விடுதியின் பொறுப்பை ஏற்றபோது அதே ஹில்தான் அவரை அழைத்து, விரும்பியபடி வாசிக்கவும் விட்டார். 1940களின் பீபாப் அங்கே பிறந்தது.

ஆக, டோனி வில்லியம்ஸ் பிறந்தபோது (சிகாகோ, 12 டிசம்பர் 1945) ஜாஸின் காலம் தோலிலிருந்து உலோகத்துக்கு இடம்பெயர்ந்து முடிந்திருந்தது. இனி எந்த உலோகம் என்பதே கேள்வி.

அந்த உலோகத்தின் கதை கான்ஸ்டான்டினோபிளில் தொடங்குகிறது. 1618ஆம் ஆண்டு வாக்கில் அவெடிஸ் என்னும் ஆர்மீனிய ரசவாதி, பொன் செய்யும் முயற்சியில் செம்பையும் வெள்ளீயத்தையும் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து, சிறிது வெள்ளியும் சேர்ந்த ஒரு வெண்கலத்தைக் கண்டார் என்பது மரபு. பொன் கிடைக்கவில்லை, உடையாமல் பாடும் தட்டு கிடைத்தது. வெள்ளீயம் இவ்வளவு மிகுந்த வெண்கலம் கண்ணாடிபோல் எளிதில் நொறுங்கும். அதை நொறுங்காமல் காய்ச்சித் தகடாக்கும் முறைதான் அக்குடும்பம் தலைமுறைதோறும் காத்துவந்த மறைபொருள். சுல்தான் அவர்களுக்குத் தந்த பெயர் ஜில்ஜியன்: துருக்கியில் ‘ஜில்’ என்றால் சிம்பல், ‘ஜி’ செய்பவர், ‘யன்’ ஆர்மீனியருக்குரிய குலவிகுதி. நம் ‘கன்னார்’ என்பதுபோலத் தொழிலே குலப்பெயரானது.

இருபதாம் நூற்றாண்டில் குடும்பம் இரண்டாகக் கிளைத்தது. மூன்றாம் அவெடிஸ் அமெரிக்காவில் குடியேறி, 1929இல் பாஸ்டனை ஒட்டிய குவின்சியில் பட்டறை தொடங்கினார். இஸ்தான்புல்லில் மிஞ்சிய கிளை, கெரோப் என்னும் முன்னோரின் பெயரால் ‘கே. ஜில்ஜியன்’ என்ற முத்திரையுடன் தட்டுகளைக் கையால் அடித்துச் செய்துவந்தது. குவின்சித் தட்டுகள் ஒளியும் சீர்மையும் கொண்டவை. இஸ்தான்புல் தட்டுகளோ ஒன்றைப்போல் மற்றொன்று இராது. சம்மட்டி விழுந்த குழிகள் தாறுமாறாக இருக்கும். சில சற்றே கோணியும் இருக்கும். அவற்றை அமெரிக்காவில் இறக்குமதி செய்தவர்கள் புரூக்ளினின் கிரெட்ச் டிரம் நிறுவனத்தார். வந்திறங்கிய குவியலில் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுத் தமக்குரியதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பலவற்றைத் தள்ளினால்தான் ஒன்று அகப்படும்.

டோனி வளர்ந்தது பாஸ்டனில். ஆலன் டாசன் என்னும் நல்லாசிரியரிடம் பயின்றார். மாக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, ஃபில்லி ஜோ ஜோன்ஸ் ஆகிய மூவரின் வாசிப்பையும் வரிவரியாகப் போலச்செய்து தேர்ந்தார். வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் உலகின் புகழ்பெற்ற சிம்பல் பட்டறை இருக்க, அவர் புகழுக்கு ஏதுவான ஒலி கடல் கடந்து இஸ்தான்புல்லிலிருந்து வந்தது என்பது எனக்கு வேடிக்கையாகப் படுவதுண்டு.

1963 மே மாதத்தில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தபோது டோனிக்கு வயது 17. மது விற்கும் விடுதிகளில் வாசிக்கச் சட்டப்படி வயது போதாது. அவர் முன் வைத்திருந்த கருவி எளிமையானது: 18 அங்குலமே அகலமான பேஸ் டிரம், சில சிறு டிரம்கள், ஒரு ஹை-ஹாட், சில கே தட்டுகள். அவற்றுள் தலையாயது நான் முன்பே சொன்ன 22 அங்குல ரைடு.

அதன் ஒலியைச் சொல்லில் கொணர்வது கடினம், ஆயினும் முயல்கிறேன். தடித்த தட்டில் குச்சி பட்டால் மணிபோல் ஒரு சுரம் நின்று ஒலிக்கும். வாசிப்பவர் விரும்பாவிட்டாலும் நிற்கும். மிக மெல்லிய தட்டில் குச்சியின் ஓசை அதிர்வின் இரைச்சலில் மூழ்கிவிடும். டோனியின் தட்டு இவ்விரண்டுக்கும் நடுவே நின்றது. மரக்குச்சியின் நுனி உலோகத்தைத் தொடும் ‘டிக்’ என்ற உலர்ந்த ஓசை ஒவ்வொரு முறையும் தனித்துக் கேட்கிறது. அதனடியில் இருண்ட ஒரு மூச்சு பரவி, அடுத்த அடிக்கு இடங்கொடுத்து அடங்குகிறது. எழுத்தும் அதைத் தாங்கும் தாளும்போல என்று சொல்லலாம். எவ்வளவு விரைவாக வாசித்தாலும் எழுத்து கலங்குவதில்லை.

விரைவு என்றால் 1964 பிப்ரவரி 12ஆம் நாள் நியூயார்க் பில்ஹார்மானிக் அரங்கில் நடந்த கச்சேரியைக் கேட்க வேண்டும். மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் கறுப்பினத்தார் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதற்கு நிதி திரட்ட நடந்தது அது. அன்றைய விரைந்த பாட்டுகள் ‘ஃபோர் அண்டு மோர்’ என்ற இசைத்தட்டில் உள்ளன. பதினெட்டு வயதுப் பையன் தம்மைவிட இருபது வயது மூத்த தலைவரைத் துரத்துகிறார். ரைடு சிம்பலின் வழக்கமான சந்தம், ஒரு நீண்ட அடியும் அதைத் தொடரும் குறுந்துள்ளலுமாகிய இணை, அங்கே உடைந்து உடைந்து புதிதாகக் கூடுகிறது. சில இடங்களில் துள்ளலே இல்லை. வெற்றடிகள் மட்டும் ஓடுகின்றன. காலம் பிசகுவதில்லை. தளை தட்டாமலே சீர்களை மாற்றிப்போடும் புலவரை நினைத்துக்கொள்கிறேன். மரபா புதுக்கவிதையா என்று நம் கூட்டங்களில் வாதிடும்போதெல்லாம், இந்த இசைத்தட்டை ஒலிக்கவிட்டு எல்லோரும் சற்று நேரம் பேசாதிருந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

இதைவிட வியப்பானது 1967 ஜூனில் பதிவான ‘நெஃபர்டிட்டி’. வெய்ன் ஷார்ட்டர் இயற்றிய அந்த மெட்டை ஊதுகுழல்கள் இரண்டும் திரும்பத் திரும்ப ஊதுகின்றன. தனியாவர்த்தனம் எவருக்கும் இல்லை. மாறுவது பின்னணி மட்டுமே, சிறப்பாக டிரம்ஸ். முன்னிற்பவர் நிலையாக நிற்க, பின்னிற்பவர் பேசுகிறார். எவரை ஜால்ரா என்றோமோ அவர் கையில் பொருள் போய்ச் சேருகிறது. ஆனால் அவர் கூச்சலிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டு கிசுகிசுக்கும் இடங்கள்தாம் மிகுந்த அச்சந்தருகின்றன.

ஹை-ஹாட்டிலும் அவர் ஒரு மாற்றம் செய்தார். நான்கெண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் இடக்காலால் அதை மூடுவது அதுவரை எழுதாச் சட்டம். டோனி நான்கிலும் மூடினார். சொல்லும்போது சிறியது, கேட்டால் பாட்டின் நடையே முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது தெரியும்.

1969 பிப்ரவரி 18ஆம் நாள் ‘இன் எ சைலண்ட் வே’ பதிவானது. டோனி தம் சொந்தக் குழுவுக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஜான் மெக்லாக்லின் என்னும் கிதார் கலைஞரை, மைல்ஸ் உடனே தம் பதிவுக்கு அழைத்துக்கொண்டார். அந்தத் தட்டின் முதற்பக்கம் முழுவதும் டோனி வாசிப்பது மூடிய ஹை-ஹாட்டின் ஒரே சீரான நுண்ணடிகளை மட்டுமே. உலகம் வியந்த ரைடு சிம்பல் ஊமையாகத் தொங்குகிறது. பலர் இதை வீணடிப்பு என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. எல்லாம் சொல்லத் தெரிந்தவர் ஒரு சொல்லோடு பதினெட்டு நிமிடம் அமர்ந்திருப்பதன் எடை அதில் இருக்கிறது. ஆனால் அவ்வாண்டே அவர் மைல்ஸை விட்டு விலகினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மெக்லாக்லினும் ஆர்கன் கலைஞர் லாரி யங்கும் சேர்ந்த அவரது ‘லைஃப்டைம்’ குழு மின்னொலியின் பேரிரைச்சலில் வாசித்தது. 18 அங்குலப் பேஸ் டிரம் போய், பின்னர் 24 அங்குலமும் மஞ்சள் நிறமுமான பெரிய தொகுதி வந்தது. முந்திய நுட்பத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். 1980களில் அவர் இசையமைப்பு முறையாகப் பயின்று, தாமே எழுதிய பாட்டுகளோடு ஐவர் குழுவொன்றை நடத்தினார். அப்போதைய வாசிப்பில் தசை கூடுதல், காற்று குறைவு என்பது என் கணிப்பு.

இதற்கிடையே இஸ்தான்புல்லில் நடந்தது வேறு. 1968இல் அமெரிக்கக் கிளை ‘கே’ முத்திரையை விலைக்கு வாங்கியது. பழைய பட்டறை சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து 1970களின் இறுதியில் மூடப்பட்டது. சிறுவயதிலிருந்து அங்கே சம்மட்டி பிடித்த ஆகோப் தொமுர்ஜுக், மெஹ்மெத் தம்தேயர் என்னும் இருவர், ஒருவர் ஆர்மீனியர், மற்றவர் துருக்கியர், 1980ஐ ஒட்டித் தாங்களே கூட்டாகப் பட்டறை தொடங்கி, ‘இஸ்தான்புல்’ என்று தட்டுகளில் பொறித்தார்கள். ஆகோப் 1996இல் மறைந்தார். பட்டறை இரண்டானது, ஒன்று ஆகோப்பின் பெயரிலும் மற்றொன்று மெஹ்மெத்தின் பெயரிலும் நடந்தன.

டோனி வில்லியம்ஸ் 1997 பிப்ரவரி 23ஆம் நாள் கலிபோர்னியாவின் டேலி நகரில், பித்தப்பை அறுவைக்குப் பின் மாரடைப்பால் காலமானார். வயது 51. அதன் பிறகு அவருடைய அந்தப் பழைய தட்டின் ஒலியைத் தேடாத சிம்பல் தொழிலாளர் குறைவு. எடையையும் வளைவையும் அளந்து, சம்மட்டிக் குழிகளைத் தாறுமாறாகவே திட்டமிட்டு இட்டுப் பார்க்கிறார்கள்.