பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் கைமாற்றம்

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளும் பேச்சுவார்த்தையின் வழியே பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு வந்துசேர்ந்த நிகழ்வு பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் கைமாற்றம் எனப்படும்.

இப்பகுதிகளின் எல்லை ஒரே தொடர்ச்சியானதன்று; 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய போர்களும் உடன்படிக்கைகளும் அதைத் துண்டுதுண்டாக விட்டுச்சென்றன. 1763ஆம் ஆண்டு பாரிசு உடன்படிக்கையின்படி, இடிந்துகிடந்த புதுச்சேரியை 1765இல் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் திரும்பப் பெற்றுக்கொண்டார். புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்குச் செல்பவர் இன்றும் இடையில் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்தைக் கடந்தே மீண்டும் புதுச்சேரி நிலத்தில் நுழைகிறார்.

இப்பகுதிகளின் எதிர்காலத்தை மக்களே தீர்மானிப்பர் என்று 1948 ஜூனில் இந்தியா, பிரான்சு ஆகிய இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. அதன்படி 1949இல் வாக்கெடுப்பு நடத்திய, பிரான்சிடமிருந்த மற்றொரு பகுதியான சந்திரநாகூர் இந்தியாவுடன் இணைந்தது. மற்ற நான்கிலும் வாக்கெடுப்பு தள்ளிப்போக, இப்பகுதிகளுக்கும் இந்தியாவுக்கும் இடையிலிருந்த சுங்க உடன்பாடு முடிவுற்றதும் எல்லைக் கெடுபிடிகள் மிகுந்து, சுற்றிலும் இந்திய நிலம் சூழ்ந்த ஊர்களின் வாழ்வைப் பெரிதும் நெருக்கின. பிரான்சுக்கு ஆதரவாக இருந்த எதுவார் குபேர் முதலிய தலைவர்கள் 1954 மார்ச்சில் இணைப்பை ஆதரிக்கத் தொடங்கியது பேச்சுவார்த்தையின் போக்கையே மாற்றிற்று.

நேரடி வாக்கெடுப்புக்கு மாற்றாக, சட்டமன்ற உறுப்பினரும் நகராட்சி உறுப்பினருமாகிய 178 பேரின் கருத்தைக் கேட்க இரு நாடுகளும் இசைந்தன. 1954 அக்டோபர் 18இல் புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் அவர்களுள் 170 பேர் இணைப்பை ஆதரிக்க, 8 பேர் எதிர்த்தனர். அக்டோபர் 21இல் புதுதில்லியில் உடன்பாடு கையெழுத்தாகி, நவம்பர் 1இல் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது.

இது நடைமுறைக் கைமாற்றம் மட்டுமே. அதாவது ஆட்சிப்பொறுப்பு மாறினாலும் இறையாண்மை சட்டப்படி பிரான்சிடமே இருந்தது. இறையாண்மையையும் மாற்றும் உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தானபோதும், அல்சீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்சின் நாடாளுமன்றம் 1962 ஜூலையில்தான் அதை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 16இல் சட்டமுறைக் கைமாற்றம் நிறைவுற்றது. நிருவாகத்தை முதலிலும் இறையாண்மையைப் பின்னரும் மாற்றிய இந்த ஏற்பாடே, பிரான்சின் தயக்கத்துக்கு இடமளித்தபடியே மக்களின் நெருக்கடியை உடனே தீர்த்துவைத்த அறிவார்ந்த வழியாகும்.

உடன்படிக்கை நிலத்தோடு நின்றுவிடவில்லை. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கவும், இப்பகுதிகளின் தனி நிருவாக நிலையை மக்கள் விருப்பத்தை அறிந்த பின்னரே மாற்றவும் அது வகைசெய்தது. இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையையே தொடர விரும்பினால், அதை எழுத்துமூலம் அறிவிக்க 1962 ஆகஸ்டு 16 முதல் ஆறு மாதக் காலமும் அளித்தது.