பெயரிடப்படாதவை யாருக்கு? எஞ்சிய அதிகாரத்தின் இடப்பெயர்ச்சி, 1928–1971

இந்திய அரசமைப்பை ‘அரைக்கூட்டாட்சி’ என்று கே.சி. வியர் வகைப்படுத்தியதிலிருந்து அந்தச் சொல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அவருடைய அளவுகோல் தெளிவானது. பொது அரசும் வட்டார அரசுகளும் தத்தம் எல்லைக்குள் ஒன்றுக்கொன்று அடங்காமல் இணையாக நிற்க வேண்டும். இந்தியாவிலோ மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றமே மாற்றலாம். நெருக்கடி நிலையில் மாநிலப் பட்டியலுக்குள்ளும் அது நுழையலாம். ஆகவே இது கூட்டாட்சிக் கூறுகள் சில ஒட்டிய ஒற்றையாட்சியே என்பது அவர் முடிவு.

உறுப்பு 3ஐயும் உறுப்பு 356ஐயும் வைத்துப் பார்த்தால் இதை மறுப்பது கடினம். நான் வேறுபடுவது அவர் முடிவில் அல்ல, அதை அடைந்த முறையில். கனடாவை ஆராயும்போது அவர் சட்டத்தின் எழுத்தையும் நடைமுறையையும் பிரித்துப் பார்க்கிறார். எழுத்தில் அரைக்கூட்டாட்சியாக இருப்பது நடைமுறையில் கூட்டாட்சியாகிவிட்டது என்கிறார். அதாவது கனடாவுக்கு ஒரு வரலாறு உண்டு என்று ஒப்புகிறார். இந்தியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. 1950இல் முடிந்த பொருளாக அதைத் தராசில் வைக்கிறார். மேலும், யார் யாரை மீறலாம் என்று கேட்கும் அளவுக்கு, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத பொருள், அதாவது எஞ்சிய அதிகாரம், யாருக்குப் போகும் என்று அவர் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியின் விடைதான் இருபது ஆண்டுகளில் பலமுறை இடம் மாறியது.

1928ஆம் ஆண்டின் மோதிலால் நேரு அறிக்கை எஞ்சிய அதிகாரத்தை மையத்துக்குக் கொடுத்தது. மறு ஆண்டே ஜின்னாவின் பதினான்கு அம்சங்கள் அது மாகாணங்களுக்கே வேண்டும் என்றன. 1935ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஏற்கவில்லை. கூட்டாட்சிக்கு 59, மாகாணத்துக்கு 54, பொதுவாக 36 எனப் பொருள்களைப் பட்டியலிட்டுவிட்டு, மிஞ்சியதை எந்த மன்றத்துக்குக் கொடுப்பது என்பதை 104ஆம் பிரிவின்படி கவர்னர் ஜெனரலின் விருப்பத்துக்கு விட்டது.

அடுத்த திருப்பம் பலரும் கவனிக்காதது. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் நிறைவேறிய ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம், வருங்கால அரசமைப்பு கூட்டாட்சியாக இருக்கும், எஞ்சிய அதிகாரம் உறுப்பு நாடுகளிடம் இருக்கும் என்கிறது. பதினான்கு ஆண்டுகளில் காங்கிரஸ் தன் நிலையைத் தலைகீழாக்கிவிட்டது. 1946 டிசம்பர் 13 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஜவஹர்லால் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானமும் அதையே சொன்னது. முஸ்லிம் லீக்கும் சமஸ்தானங்களும் வந்து சேரட்டும், அதுவரை பொறுப்போம் என்று எம்.ஆர். ஜெயகர் வாதிட்டார், தீர்மானம் 1947 ஜனவரி 22 அன்றுதான் நிறைவேறியது. அந்த வாசகம் வராத விருந்தாளிக்குப் போட்டுவைத்த இலை என்றே படுகிறது. அது வெறும் விலை, கொள்கையே அல்ல என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது. ஆனாலும் விருந்தாளி வரமாட்டார் என்று உறுதியானதும் இலை எடுக்கப்பட்ட வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

ஒன்றிய அதிகாரக் குழுவின் முதல் அறிக்கை (1947 ஏப்ரல் 17) எஞ்சியதை உறுப்பு நாடுகளிடமே விட்டது. இரண்டாம் அறிக்கை (ஜூலை 5) மையத்துக்கு மாற்றியது. இடையில் நடந்தது பிரிவினையை உறுதியாக்கிய ஜூன் 3 திட்டம். மனம் மாறிய நாளை இந்த இரண்டு அறிக்கைகளைக் கொண்டு இதற்குமேல் நெருக்க இயலாது. நெருக்கவும் நான் முயலவில்லை. பிரிவினை உறுதியானபின் வலுவற்ற மையம் நாட்டுக்குக் கேடு என்று இரண்டாம் அறிக்கையே காரணம் சொல்கிறது. ‘பிரிவினைதான் மையத்தை வலுப்படுத்தியது’ என்ற வாசிப்பு இங்கிருந்தே பிறந்தது. என் வாசிப்பு சற்று வேறு. பிரிவினை அந்த விருப்பத்தை உண்டாக்கவில்லை. அதற்கு இருந்த தடையை நீக்கியது. 1928 அறிக்கை ஒரு சான்று. 1946 டிசம்பர் 17 அன்று, பிரிவினை முடிவாகுமுன்பே, 1935 சட்டம் தந்ததைவிட வலிய மையம் வேண்டும் என்று அம்பேத்கர் அவையில் பேசியது மற்றொன்று.

இனி ஒரே ஒரு தொடர். 1935ஆம் ஆண்டுப் பட்டியலின் 55ஆம் பதிவு, சொத்துகளின் மூலதன மதிப்பின் மீதான வரியை ‘விவசாய நிலம் நீங்கலாக’ என்ற வரம்போடு கூட்டாட்சிக்குக் கொடுத்தது. அதே வரம்பு 1950இல் ஒன்றியப் பட்டியலின் 86ஆம் பதிவில் மாறாமல் அமர்ந்தது. சொல் மாறவில்லை, சொல்லுக்கு அடியிலிருந்த தரை மாறியிருந்தது. 1935இல் ‘நீங்கலாக’ விடப்பட்டது மாகாணப் பதிவு எதிலும் அடங்காவிட்டால், அது கவர்னர் ஜெனரலின் வாசலில் காத்திருக்கும். 1950இலோ எஞ்சியதை ஒன்றியத்துக்குத் தரும் உறுப்பு 248ம் 97ஆம் பதிவும் அதை ஏந்திக்கொள்ளும். விலக்கிவைக்க எழுதிய சொல், விலக்கியதைப் பின்வாசல் வழியாக அதே வீட்டுக்குள் சேர்த்தது.

1969ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விவசாய நிலத்தைச் செல்வ வரிக்குள் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1971 அக்டோபரில் தில்லான் வழக்கில் ஏழு நீதிபதிகளில் நால்வர், பொருள் மாநிலப் பட்டியலில் இல்லையென்றால் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றனர், மூவர் ஏற்கவில்லை. சிறுபான்மையின் பக்கமே என் சாய்வு. ஒரு பதிவில் வேண்டுமென்றே நீக்கியது ‘பெயரிடப்படாதது’ ஆகாது. அது பெயர் சொல்லியே விலக்கப்பட்டது. ஆனால் 1949இல் அந்தச் சொற்களை அப்படியே எடுத்துவைத்தவர்கள் தரை மாறியதை உணர்ந்துதான் வைத்தார்களா என்பது திறந்த கேள்வியே. உணர்ந்திருந்தால் பெரும்பான்மைத் தீர்ப்பே சரி.

அதே ஆண்டு மே மாதம் ராஜமன்னார் குழு, வரி உட்பட எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கே போக வேண்டும் என்று தமிழக அரசுக்குப் பரிந்துரைத்திருந்தது. அதைப் புதுக் கலகக் குரலாகப் படிப்பதே வழக்கம். 1942, 1947 தீர்மானங்களோடு சேர்த்துப் படித்தால் அது அரசியல் நிர்ணய சபையே ஒருமுறை வாக்களித்து ஏற்ற நிலை. வியர் ‘அரை’ என்று அளந்தது, அந்த வாக்கு திரும்பப் பெறப்பட்ட பிறகு எஞ்சியதை.