5 நிமிட இருட்டுக்கு 1,000 கி.மீ. பயணம்: 2028 ஆஸ்திரேலிய முழு சூரிய கிரகணத்தை எங்கிருந்து பார்ப்பது?

2009 ஜூலை 22. பாட்னாவுக்கு அருகே இருக்கும் தாரேக்னா என்ற சிறிய ஊரில் விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க இந்தியாவிலேயே சிறந்த இடம் என்று அந்த ஊரின் பெயர் எங்கும் பரவியிருந்தது. கிரகணம் நொடி பிசகாமல் நடந்தது. ஆனால் பருவமழை மேகம் வானத்தை மூடிவிட்டது. இருட்டு வந்தது, போனது. சூரியனைத்தான் பார்க்க முடியவில்லை.

சரியாக 19 ஆண்டுகள் கழித்து, 2028 ஜூலை 22 சனிக்கிழமை, நிலவின் நிழல் ஆஸ்திரேலியாவை வடமேற்கிலிருந்து தென்கிழக்கு வரை குறுக்காகக் கடக்கப் போகிறது. சிட்னி நகரமே அந்த நிழலுக்குள் வருகிறது. ஆனாலும் கிரகணம் பார்ப்பதற்கென்றே நாடு நாடாகப் போகிறவர்களில் பலர் குறிவைப்பது சிட்னியை அல்ல. அவுட்பேக் எனப்படும் உள்நாட்டு வறண்ட நிலத்தை. ஏன்? போவதென்றால் எங்கே, எப்படி?

சுருக்கமாக

- முழு கிரகணம் அதிகபட்சம் நீடிக்கும் இடம்: மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதி, 5 நிமிடம் 10 விநாடி.
- சிட்னியில்: 3 நிமிடத்துக்கும் மேல், உள்ளூர் நேரம் பிற்பகல் 2 மணியளவில்.
- நிழல் பாதையின் அகலம்: சுமார் 230 கி.மீ.
- இந்திய நேரப்படி: கிம்பர்லியில் காலை சுமார் 8.25, சிட்னியில் சுமார் 9.30.
- பாதையில் உள்ள ஊர்கள்: விண்டம், குனுனுரா, டென்னன்ட் கிரீக், பேர்ட்ஸ்வில், பர்க், டப்போ, சிட்னி. அதன்பின் நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன், டனீடின்.

99% மறைஞ்சா போதாதா?

போதாது. 2019 டிசம்பர் 26 அன்று ஊட்டி, கோவை, திண்டுக்கல் பக்கம் வளைய கிரகணத்தைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சூரியப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் மறைந்தது. வெயில் மங்கியதே தவிர, பகல் பகலாகத்தான் இருந்தது.

காரணம் எளிது. சூரியன் முழு நிலவைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. அதில் 1% மிஞ்சினாலும் 4,000 முழு நிலவுகளின் வெளிச்சம் இருக்கும். அந்த ஒரு சதவீதமும் மறைந்தால்தான் சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்ற வெண்ணிற ஒளிவட்டம் கண்ணுக்குத் தெரியும். பகலில் கோள்கள் தெரியும், அடிவானம் எல்லாப் பக்கமும் அந்தி நிறமாகும், காற்று சட்டென்று குளிரும்.

பூமியின் ஏதாவது ஓர் இடத்தில் சுமார் 18 மாதங்களுக்கு ஒருமுறை முழு கிரகணம் நடக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு அது திரும்பி வர சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். சிட்னி கடைசியாகப் பார்த்தது 1857இல். 2028ஐ விட்டால் அந்த ஊருக்கு அடுத்த வாய்ப்பு 2858இல்தான். அதனால்தான் கிரகணம் நம் ஊருக்கு வரும் என்று காத்திருக்காமல் மக்கள் கிளம்பிப் போகிறார்கள்.

சிட்னியிலேயே பார்த்தா என்ன?

தாராளமாகப் பார்க்கலாம். வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் தங்கும் செலவுகூட மிச்சம். ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, மேகம். ஜூலை மாதம் வட ஆஸ்திரேலியாவுக்கு வறட்சிக் காலம். கிம்பர்லியிலும் வடக்குப் பிரதேசத்திலும் அந்த மாதம் மழை மிகக் குறைவு. வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நிழல் பாதையில் தென்கிழக்கே நகர நகர மேகத்துக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். சிட்னியின் குளிர்காலம் மோசமானது என்று சொல்ல முடியாது. ஆனால் அது கிம்பர்லி அளவுக்கு நம்பகமானதும் அல்ல.

இரண்டு, சூரியனின் உயரம். கிம்பர்லியில் முற்பகல் 11 மணிக்குச் சற்று முன்பு சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். சிட்னியில் அது குளிர்காலப் பிற்பகல் என்பதால் சூரியன் நன்றாகத் தாழ்ந்திருக்கும். கட்டடமோ மரமோ மறைக்காத இடமாகத் தேட வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: அங்கே சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வடக்கு திறந்திருக்க வேண்டும்.

100 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த பாடம்

1922 செப்டம்பர் 21 முழு கிரகணத்தின்போது வானியலாளர்களின் முன்னால் இதே கேள்வி இருந்தது. சூரியனுக்கு அருகே வரும் விண்மீன் ஒளி வளையும் என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சோதிக்க வேண்டும். எங்கே போவது? பிரிட்டிஷ் குழு ஒன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவுக்குப் போனது. மேகம் மூடியதால் திட்டம் பாழானது.

அமெரிக்காவின் லிக் ஆய்வகக் குழு, வில்லியம் வாலஸ் காம்ப்பெல் தலைமையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற கடற்கரையான வல்லாலுக்குப் போனது. துறைமுகம் கிடையாது. டன் கணக்கான கருவிகளைப் படகில் கொண்டுவந்து, அலைக்கு நடுவே இறக்கி, கழுதை வண்டிகளில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பகுதியின் பழங்குடி மக்களும் அந்த வேலையில் கைகொடுத்தார்கள். அன்று வானம் தெளிவாக இருந்தது. 5 நிமிடத்துக்கும் மேல் நீடித்த கிரகணத்தில் எடுத்த படங்கள் ஐன்ஸ்டைனின் கணிப்பை உறுதி செய்தன. முடிவு 1923இல் வெளியானது.

அதே வல்லால் முகாமில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு குழுவும் இருந்தது. கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர் ஜான் எவர்ஷெட் தலைமையிலான குழு அது. வானம் ஒத்துழைத்தது, கருவி ஒத்துழைக்கவில்லை. எனவே அவர்களால் அந்தச் சோதனையை முடிக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் தீவு 2028 நிழல் பாதையிலும் இருக்கிறது. ஆனால் கிரகணம் பார்ப்பவர்களின் கணக்கு இன்றும் 1922இல் இருந்ததுதான்: தூரத்தைக் கொடுத்து தெளிவான வானத்தை வாங்குவது.

சரி, எங்கே போகலாம்?

*குனுனுரா, கிம்பர்லி:* வானிலை வாய்ப்பு மிக நல்ல பகுதி. டார்வினிலிருந்து சுமார் 830 கி.மீ., முழுக்க தார்ச்சாலை. வடக்குப் பிரதேசத்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. பழம், காய்கறி, தேன் போன்றவற்றைக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஜூலை அங்கே எப்போதுமே சுற்றுலா சீசன், எனவே அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

*டென்னன்ட் கிரீக், வடக்குப் பிரதேசம்:* கண்டத்தை வடக்கு தெற்காகக் கடக்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 500 கி.மீ., டார்வினிலிருந்து கிட்டத்தட்ட 1,000 கி.மீ. இதுவும் தார்ச்சாலைதான். நெடுஞ்சாலை நிழல் பாதையைக் குறுக்காகக் கடப்பதால், காலையில் ஒரு பக்கம் மேகம் தெரிந்தால் இன்னொரு பக்கம் நகர்ந்துகொள்ளலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இது வசதி.

*பேர்ட்ஸ்வில், குயின்ஸ்லாந்து:* சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரத்தில், 100 பேர் அளவில் வசிக்கும் ஊர். அசல் பாலைநிலம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கானது. பிரிஸ்பேனிலிருந்து சுமார் 1,600 கி.மீ.; வழியில் சரளைச் சாலைகள் உண்டு. மழை பெய்தால் சாலையையே மூடிவிடுவார்கள்.

*பர்க், நியூ சவுத் வேல்ஸ்:* சிட்னியிலிருந்து கிட்டத்தட்ட 800 கி.மீ., தார்ச்சாலை. ‘பர்க்குக்கு அந்தப் பக்கம்’ என்றால் ஆஸ்திரேலியர்கள் பேச்சில் ‘ஆள் நடமாட்டமே இல்லாத இடம்’ என்று அர்த்தம்.

மையக் கோட்டில்தான் நிக்கணுமா?

வேண்டாம். நிழல் வட்ட வடிவம் என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், மையத்திலிருந்து விலக விலக முழு கிரகண நேரம் முதலில் மெதுவாகவும் ஓரத்தை நெருங்கும்போது வேகமாகவும் குறைகிறது.

- மையத்திலிருந்து ஓரம் வரையான தூரத்தில் பாதி (சுமார் 57 கி.மீ.) விலகினால்: 87% நேரம் கிடைக்கும். 5 நிமிடம் 10 விநாடி என்பது சுமார் 4 நிமிடம் 28 விநாடியாகும்.
- 80% தூரம் (சுமார் 92 கி.மீ.) விலகினால்: 60% நேரம், அதாவது சுமார் 3 நிமிடம்.
- 90% தூரம் (சுமார் 103 கி.மீ.) விலகினால்: 44% நேரம், சுமார் 2 நிமிடம் 15 விநாடி.

ஆக, சில விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரியாத மண்சாலையில் 60 கி.மீ. உள்ளே போவதில் லாபம் குறைவு. தார்ச்சாலையை ஒட்டி, தெளிவான வானம் உள்ள இடமே மேல். ஓரத்தை மட்டும் நெருங்க வேண்டாம். ஊர் பாதைக்குள் இருக்கிறது என்பதோடு நிற்காமல், நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை கிரகண வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவுட்பேக்கில் வண்டி ஓட்டுவது

இந்தியா போலவே இடது பக்கம்தான் ஓட்டம். ஆனால் ஒற்றுமை அதோடு முடிகிறது. ஒரு பெட்ரோல் பங்குக்கும் அடுத்ததற்கும் இடையே 200 கி.மீ. இருப்பது சாதாரணம். ஊருக்கு வெளியே பல மணி நேரம் மொபைல் சிக்னல் இருக்காது.

- *தண்ணீர்:* ஒருவருக்கு நாளொன்றுக்கு குறைந்தது 5 லிட்டர், அதற்கு மேல் கையிருப்பு.
- *எரிபொருள்:* பாதி டேங்க் காலியானாலே, கிடைக்கிற இடத்தில் நிரப்பிவிடுங்கள். கிரகண நாளில் பங்குகளில் ஸ்டாக் தீரக்கூடும்.
- *தொடர்பு:* சாட்டிலைட் போன் அல்லது அவசர இருப்பிடக் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். அவசர எண் 000.
- *இரவுப் பயணம் வேண்டாம்:* அந்தி சாய்ந்ததும் கங்காருவும் மாடுகளும் சாலைக்கு வரும். பல வாடகை நிறுவனங்களின் காப்பீடு இரவு விபத்துக்கும் மண்சாலை விபத்துக்கும் பொருந்தாது. கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.
- *ரோட் டிரெயின்:* பல டிரெய்லர்களைக் கோத்த, 50 மீட்டருக்கும் நீளமான லாரிகள். முந்திச் செல்ல எதிர்ப்பக்கம் வெகு தூரம் காலியாக இருக்க வேண்டும்.
- *வண்டி நின்றுவிட்டால்:* வண்டியை விட்டு எங்கும் நடக்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு மனிதரைவிட வண்டி சீக்கிரம் கண்ணில் படும்.
- *குளிர்:* பாலைநிலம் என்றால் எப்போதும் சூடு என்று நினைக்க வேண்டாம். ஜூலை இரவில் உள்நாட்டில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகலாம்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கண்ட இடத்தில் கூடாரம் போடவும் முடியாது. வடக்குப் பிரதேசத்தின் பெரும்பகுதி பழங்குடி மக்களுக்குச் சொந்தமான நிலம். உள்ளே செல்ல அனுமதி பெற வேண்டும். மற்ற இடங்களில் பெரும் கால்நடைப் பண்ணைகள் இருக்கின்றன. டென்னன்ட் கிரீக் வாருமுங்கு மக்களின் மண். மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களின் மரபில் சூரியன் பெண், நிலவு ஆண். இருவரும் ஒன்றுசேரும் தருணம்தான் கிரகணம்.

எப்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை தங்குமிடம். 2023 ஏப்ரல் 20 அன்று எக்ஸ்மவுத்தில் நடந்த கிரகணம் சுமார் ஒரு நிமிடம்தான். 3,000 பேர்கூட வசிக்காத அந்த ஊருக்கு அதன் பல மடங்கு கூட்டம் வந்தது. அறை கிடைக்காதவர்கள் கூடாரத்திலும் வேனிலும்தான் தங்கினார்கள். 2028இல் நேரமும் அதிகம், பாதையும் நீளம். எனவே கூட்டம் பரவலாக இருக்கும். ஆனால் அவுட்பேக் ஊர்களில் அறைகளின் எண்ணிக்கை மாறப்போவதில்லை.

அடுத்தது வாடகை வண்டி, பிறகு விமானம். டார்வினுக்கு சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். போய் இறங்கி எடுக்கும் வசதி கிடையாது. லீவு போடும்போது கிரகணத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்கள் சேர்த்துப் போடுங்கள். கிரகணம் முடிந்த அன்றே திரும்பும் ஃபிளைட்டைப் பிடிக்க 800 கி.மீ. விரட்டுவதுதான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தான பகுதி.

கண் பத்திரம்

ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி அவசியம். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் வேண்டாம். சூரியன் முழுவதுமாக மறைந்திருக்கும் அந்த நிமிடங்களில் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம், கழற்றவும் வேண்டும். இல்லையென்றால் கொரோனா தெரியாது. ஓரத்தில் முதல் வெளிச்சப் புள்ளி தெரிந்த உடனே மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். கேமரா, பைனாகுலருக்குத் தனி ஃபில்டர் தேவை.

2028 முடியலைன்னா?

ஆஸ்திரேலியாவுக்கே இன்னும் மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன: 2030 நவம்பர் 25, 2037 ஜூலை 13, 2038 டிசம்பர் 26. இவற்றில் 2030 கிரகணம் நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா வழியாகவும் போகிறது. இந்திய மண்ணில் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20 அன்று, காஷ்மீர்–லடாக் பகுதியில். அதற்கு விசா தேவையில்லை. ஆனால் மார்ச் மாத இமயமலையில் மேகத்தோடு பனியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.