சாணத்துக்கு வண்டு தேடியவர்

ஹங்கேரியில் 1924இல் பிறந்த ஜார்ஜ் போர்னமிஸா, போருக்குப் பின் ஊரை விட்டு வெளியேறி, ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்கில் முனைவர் பட்டம் பெற்று, 1950இன் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கரையேறினார். அங்குள்ள மேய்ச்சல் நிலங்களில் எங்கு பார்த்தாலும் காய்ந்த சாணம். மாதக்கணக்கில் மண்ணோடு மக்காமல் கிடந்தது. ஹங்கேரியில் வண்டுகள் பார்த்துக்கொள்ளும் வேலையை இங்கே செய்ய ஆளில்லை.

மாடு அந்த மண்ணுக்கு 1788இல்தான் வந்தது. உள்ளூர் வண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. ஈரச் சாணியை அவற்றுள் பெரும்பாலானவை சீண்டவில்லை. சாணியைச் சுற்றி முளைத்த புல்லை மாடு தொடாது. சாணிக்குள் ஈ பெருகும்.

ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் பூச்சியியல் பிரிவில் சேர்ந்த போர்னமிஸா, வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவரலாம் என்று 1960இல் எழுதினார். 1965இல் திட்டம் தொடங்கியது. அந்த நாட்டில் இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். கரும்பு வண்டை ஒழிக்க 1935இல் ஹவாயிலிருந்து கொண்டுவந்த தேரை, வண்டை விட்டுவிட்டு நாட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. (அதே தேரை பின்னாளில் சாணி வண்டுகளையும் தின்றது தனிக்கதை.)

ஆகவே வண்டை அப்படியே கப்பலேற்றவில்லை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஆய்வு நிலையம் அமைத்து, முட்டைகளை மட்டும் பிரித்தெடுத்து, நோயும் உண்ணியும் ஒட்டி வராதபடி ஃபார்மலினில் கழுவி கான்பெராவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஊழியர்கள் கையால் சாண உருண்டை பிடித்து, குழி செய்து, தாய் வண்டு செய்வதுபோல் முட்டையை உள்ளே வைத்து மூடினார்கள். என்னைக் கேட்டால், திட்டத்தின் பெருமை போர்னமிஸாவின் யோசனைக்கு இணையாக இந்தக் கைவேலைக்கும் உரியது.

ஏறத்தாழ 20 ஆண்டுகளில் 43 இனங்களை விட்டார்கள், 23 நிலைத்தன. ஈ ஒழிந்துவிட்டது என்று சிலர் சொல்வது மிகை. பல பகுதிகளில் குறைந்தது, சாணம் மண்ணுக்குள் இறங்கியது, அதுவே பெரிது. வேலை முடியுமுன் 1985இல் திட்டம் நிறுத்தப்பட்டது.

போர்னமிஸா கடைசிக் காலத்தை டாஸ்மேனியாவில் கழித்தார். காடு வெட்டினால் அழியக்கூடிய ஒரு கொம்பு வண்டுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2001இல் ஆஸ்திரேலிய அரசின் விருது கிடைத்தது. 2014இல் ஹோபார்ட்டில் காலமானார். வசந்தகாலத்தில் போதிய வண்டுகள் இல்லாத குறையைத் தீர்க்க, சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அந்தத் திட்டம் நின்ற பல ஆண்டுகளுக்குப் பின் பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் புதிய இனங்களைக் கொண்டுவந்தது.