மரக்கிராதி மாணவர்கள்: தாகூரின் குழந்தைமையும் தந்தைமையும்

ஜோராசங்கோ மாளிகையில் பிறந்த இரவீந்திரநாத் தாகூரின் இளமை செல்வச் செழிப்பில் கழிந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. 1912இல் நூலாக வெளிவந்த ‘ஜீவன்ஸ்மிருதி’ காட்டும் வீடு வேறு. தந்தை தேவேந்திரநாத் பெரும்பாலும் பயணத்தில் இருந்தார். பிள்ளைகள் பணியாளர்களின் பொறுப்பில் விடப்பட்டனர். அந்த ஆட்சியை இந்திய வரலாற்றின் அடிமை வம்ச ஆட்சியோடு தாகூர் ஒப்பிடுகிறார். குல்னா மாவட்டத்தைச் சேர்ந்த சியாம் என்ற பணியாளன் சிறுவனை ஓரிடத்தில் உட்காரவைத்து, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, தாண்டினால் ஆபத்து என எச்சரித்துச் செல்வான். சீதையின் கதையை அறிந்திருந்த சிறுவன் அசையாமல் அமர்ந்திருப்பான். அடிபட்டு அழுதால் அந்த அழுகையும் இராசத்துரோகமே. பெரிய தண்ணீர்ச் சாடிகளுக்குள் தலையை அமுக்கி ஓசையை அடக்குவர். இவை அனைத்தும் நகைச்சுவை இழையோட எழுதப்பட்டிருப்பதால், வாசகர் சிரித்தபடியே கடந்துவிட நேர்கிறது.

அதே நூலில் இதனினும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. தாழ்வாரத்தின் ஒரு மூலையில் சிறுவன் பள்ளி நடத்துகிறான். மரக்கிராதியின் கம்புகளே மாணவர்கள், கையில் பிரம்பு. அவற்றுள் நல்ல மாணவர் யார், முரடர் யார் என்பதும் அவனுக்குத் தெரியும். முரடர் ஓயாமல் அடிவாங்குவர். அடிபட அடிபட அவர்கள் மேலும் கெட்டவர்களாகத் தோன்றுவர். ஆசிரியர்களின் பாடத்தைவிட அவர்களின் பொறுமையின்மையும் சினமும் அநீதியுமே தனக்கு எளிதில் வசப்பட்டன என்று பிற்காலத் தாகூர் ஒப்புக்கொள்கிறார். உயிருள்ள எவர்மீதும் அவற்றைச் செலுத்தும் வலிமை அன்று இல்லாததே ஆறுதல் என்கிறார். கொடுமை தலைமுறை கடக்கும் விதத்தைப் பின்னாளைய உளவியல் விரிவாக ஆராய்ந்தது. ஒரு தந்தை அதைத் தன்னிடமே கண்டு எழுதியிருப்பது அரிது.

1901 டிசம்பர் 22 அன்று சாந்திநிகேதனில் அவர் பள்ளியைத் தொடங்கியபோது, முதல் மாணவர்களுள் மகன் ரதீந்திரநாத்தும் ஒருவர். தான் அடைபட்டுக் கிடந்த சுவர்களுக்கு மாற்றாக மரநிழலும் வெட்டவெளியும் மகனுக்குக் கிடைத்தன.

ஆனால் மகள்களின் கதை இவ்வளவு நேரானதன்று. குழந்தைமணத்தை ஆதரித்தோரை மறுத்து 1887இல் கட்டுரை வாசித்தவர் தாகூர். அவரே 1901இல் மூத்த மகள் மாதுரிலதாவுக்குப் பதினான்கு வயதிலும், ரேணுகாவுக்குப் பதினொன்று நிறையுமுன்னரும் மணம் செய்துவைத்தார். குடும்ப வழக்கம், வரதட்சணைச் சுமை எனக் காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றால் முரண் குறைவதில்லை. தன்மீது பதிந்த காயத்தை அடையாளம் கண்டவருக்கும், காயமாகத் தோன்றாமல் வழக்கமாகவே நின்றுவிட்டது கண்ணில் படவில்லை.

1902 நவம்பரில் மனைவி மிருணாளினி மறைந்தார். ரேணுகாவைக் காசநோய் பற்றியது. அவளை ஹசாரிபாக்குக்கும், பின்னர் அல்மோராவுக்கும் அழைத்துச் சென்று தாகூரே உடனிருந்து பேணினார். ‘சிசு’ தொகுப்பின் கவிதைகள் பல அந்த அல்மோரா நாட்களில் எழுதப்பட்டவை. பலவற்றில் குழந்தை தாயோடு பேசிக்கொண்டிருக்கிறது. ரேணுகா 1903 செப்டம்பரில் இறந்தாள்.